ஊர் நேரம் சொன்ன காலம்

(கடலூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

“மலரும் நினைவுகள்” என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர் யாரை இந்தத் தலைப்பில் மேடையேற்றினாலும் கூட்டம் நடத்துகிறவர்களுக்குக் கவலையில்லை. ரோஸ் நிறப் பல்பொடி வந்துவிடும். வாடகை சைக்கிள் வரும். சேமியா ஐஸ் வரும். “அதெல்லாம் ஒரு காலம்” என்று சொல்லிக்கொண்டே காபிக்கு எழுந்து போவோம். எனக்கும் பல்பொடி பிடிக்கும். ஆனால் பல்பொடியும் சைக்கிளும் மதுரையிலும் இருந்தன, சேலத்திலும் இருந்தன. அதைச் சொல்வதற்குக் கடலூரில் ஒரு கூட்டம் எதற்கு?

அதனால் இந்த ஊருக்கே உரியது என்ன என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் வளர்ந்த 1960-களில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் எந்தப் பையன் கையிலும் வாட்ச் கிடையாது. வீட்டுச் சுவர்க் கடிகாரம் சாவி கொடுத்தால் ஓடும், மறந்தால் நின்றுவிடும். ஆனாலும் எதற்கும் யாரும் நேரம் தப்பவில்லை. நேரத்தை ஊர் சொன்னது. எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னது. என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தர் தொடங்கும் நினைவை இன்னொருத்தர் முடித்துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தனித்தனி வீட்டில் பிறந்தாலும் ஒரே கடிகாரத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இன்றைக்கு அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

காலையிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கரையில் அன்றைக்கு ரேடியோ என்றால் முதலில் இலங்கை வானொலி. கடல் தாண்டி வருகிற சத்தம். எங்கள் தெருவில் சென்னையைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். “பொங்கும் பூம்புனல்” தொடங்கும்போது குளித்திருக்க வேண்டும். அது முடியும்போது தட்டு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். ரேடியோ உள்ள வீடுகள் கொஞ்சம்தான். சத்தம் எல்லா வீட்டுக்கும் பொது. டீக்கடையில் பாதி கேட்ட பாட்டை சலூனில் மீதி கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போய்ச் சேரலாம். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகிய குரல்கள் எல்லாம் எங்களுக்குச் சித்தப்பா முறை. முகம் தெரியாது, உறவு தெரியும்.

நாளின் நேரத்தைக் காது சொன்னதென்றால், ஆண்டின் நேரத்தை மூக்கு சொன்னது. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு ஒரு கழியை உருவுவது பிள்ளைகளின் பிறப்புரிமை என்று நினைத்தோம். வண்டிக்காரர் திட்டுவார், சாட்டையை ஓங்குவார், அடிக்க மாட்டார். காற்று மேற்கிலிருந்து அடிக்கிற நாளில் சர்க்கரைப் பாகு கொதிக்கும் வாசம் எங்கள் ஊர் எல்லை வரைக்கும் வந்துவிடும். அதே நெல்லிக்குப்பத்தில்தான் பாரி மிட்டாயும் செய்தார்கள் என்பது எங்களுக்கு ஒரு தனிப் பெருமை. மற்ற ஊர்ப் பிள்ளைகள் கடையில் வாங்கித் தின்பது எங்கள் பக்கத்து ஊரில் விளைகிறது என்ற கணக்கு!

பங்குனி, சித்திரை என்றால் முந்திரி. பண்ருட்டிப் பக்கம் செம்மண் தோப்புகளில் பழம் மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கும். உப்பு தொட்டுத் தின்றால் தொண்டை கரகரக்கும், சட்டையில் பட்டால் கறை போகாது. கறையைப் பார்த்தே எவன் தோப்புக்குள் இறங்கினான் என்று அம்மாக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கொட்டையைத் தகரத்தில் போட்டுச் சுடுவது தனிக் கலை. ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து குப்பென்று தீப்பிடிக்கும். மண்ணை அள்ளிப் போட்டு அணைத்து, கல்லால் தட்டிப் பருப்பை எடுக்கணும். அவசரப்பட்டுப் பல்லால் கடித்தவனுக்கு உதடு வெந்து, ஒரு வாரத்துக்குப் பேச்சு குறையும். ஆயா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, “நல்லா வேணும்” என்பாள்.

அந்த எண்ணெயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அது ஒரு நாள் விளையாட்டு. கொட்டை உடைக்கும் வேலைக்குப் போன பெண்களுக்கு அதுவே கூலி. சாம்பலைக் கையில் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்துபோயிருக்கும். பிள்ளை வயதில் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன், ஏன் அப்படி என்று கேட்டதில்லை.

முந்திரி ஓயும்போது பலா வந்துவிடும். பண்ருட்டிப் பலாவைப் பற்றி உங்களிடம் விளக்குவது மீனவனிடம் கடலை விளக்குகிற கதை. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். பலாப்பழம் ஒரு வீட்டுக்கான பழமே அல்ல. ஒரு பழத்தை அறுத்தால் தெருவுக்கே கொடுக்கணும், இல்லாவிட்டால் ஈக்குத்தான் போகும். அப்பா திண்ணையில் சாக்கை விரித்து, கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடாமலே வந்துவிடும். சுளை பிள்ளைகளுக்கு, சக்கை மாட்டுக்கு, கொட்டை மறுநாள் கருவாட்டுக் குழம்புக்கு. பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பைப் பற்றி நான் மேலும் பேசினால் இந்தக் கூட்டம் இப்போதே கலைந்துவிடும்.

தை பிறந்தால் எல்லா ஊரிலும் மூன்று நாள் பொங்கல். நமக்கு மட்டும் அது ஐந்தாம் தேதி வரைக்கும் நீளும். தை 5 ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையில் ஊர் ஊராகச் சாமிகள் வந்து இறங்கும். தெற்கேயிருந்து வந்த நண்பர்களிடம் இதைச் சொன்னால், “ஆற்றுக்கு ஒரு திருவிழாவா?” என்று கேட்பார்கள். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தார்க்கு அது கேள்வியே இல்லை. அன்றைக்கு மணலில் ராட்டினம், வளையல் கடை, பலூன், மிளகாய் பஜ்ஜி. எல்லாவற்றுக்கும் மேலே சுருளிக்கிழங்கு. வேறெந்த நாளிலும் அதைத் தேடி யாரும் போனதாக எனக்கு நினைவில்லை. ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்விட்டு சுருளிக்கிழங்கு வாங்காமல் வந்தவனை வீட்டில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். அவித்துத் தோலை உரித்தால் உள்ளே மாவு மாவாக இருக்கும். ருசி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது இல்லாமல் தை மாதம் நகராது.

அடுத்த மாதமே மாசி மகம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். மாட்டு வண்டியில் வந்த சாமி பின்னால் டிராக்டரில் வந்தது, பிறகு மினி லாரியில் வந்தது. சாமிக்கும் காலம் மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-ல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய கோட்டை. பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள கிராமங்களையும் சேர்த்து வாங்கினார்கள் என்பது சரித்திரம். எங்களுக்கு அது கண்ணாமூச்சி ஆட ஏற்ற இடிந்த சுவர், அவ்வளவுதான். ராபர்ட் கிளைவ் நடமாடிய இடத்தில் வேர்க்கடலைத் தோலைப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம். அதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை.

அதே மாசி மகத்துக்குத்தான் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் போகிறார். வழியில் முஸ்லிம்கள் பெருமாளுக்கு மரியாதை செய்வார்கள், பெருமாளின் மாலை தர்காவுக்குப் போகும். இதை இப்போது மத நல்லிணக்கம் என்று தலைப்பிட்டுப் பத்திரிகையில் போடுகிறார்கள். கிள்ளையிலிருந்து என்னோடு படித்த நண்பனுக்கு அப்படியொரு தலைப்பு இருப்பதே தெரியாது. “பெருமாள் வருவாரு, பாய் வீட்டுல சீர் வெப்பாங்க” என்று, மழை பெய்யும் வெயிலடிக்கும் என்கிற குரலில் சொல்லுவான்.

இனி, எங்கள் ஊரின் மிகக் கண்டிப்பான கடிகாரம். துறைமுகத்துக் கூண்டு. ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் நுழைகிற முதல் கேள்வி, “கூண்டு ஏத்திட்டாங்களா?” என்பதுதான். புயல் எச்சரிக்கைக் கூண்டில் 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது, வாய்ப்பாடு தெரியாத பையனுக்கும் தெரியும். மூன்று என்றால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகணும். எட்டுக்கு மேலே என்றால் லீவு. பாவிகள், நாங்கள் எட்டு வரட்டும் என்று வேண்டிக்கொள்வோம். கடலுக்குப் போனவர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்கள் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

1972 டிசம்பரில் கடலூர்ப் பக்கம் கரை கடந்த புயல், கூண்டின் பேரில் எங்களுக்கிருந்த ஆசையை ஒரேயடியாகத் தீர்த்து வைத்தது. ராத்திரி முழுக்கக் காற்று. விடிந்து பார்த்தால் தெருவில் எந்த ஓடு யார் வீட்டு ஓடு என்று தெரியவில்லை. அதற்குப் பின் 2004 டிசம்பர் 26. எந்தக் கூண்டும் ஏறாமல் வந்த கடல். பிறகு 2011 டிசம்பர் 30-ந் தேதி காலையில் தானே புயல். அது பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. தாத்தா வைத்து, பேரன் பறித்துக்கொண்டிருந்த மரங்கள். ஒரு வயல் நாசமானால் அடுத்த போகம் பார்க்கலாம். பலாத்தோப்பு போனால் ஒரு தலைமுறை காத்திருக்கணும். அந்த வருடம் சித்திரை வந்ததே தெரியவில்லை என்று பண்ருட்டியில் ஒரு விவசாயி சொன்னதை நான் நேரில் கேட்டேன். காலண்டர் அவர் வீட்டில் மாட்டித்தான் இருந்தது.

இப்போது எச்சரிக்கை செல்போனுக்கே வந்துவிடுகிறது. உயிர்கள் பிழைக்கின்றன. கூண்டுக் காலமே உசத்தி என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, சிதம்பரத்துக்குப் போவோம். ரயிலில்தான் போகணும். பஸ்ஸும் உண்டு; ஆனால் பஸ்ஸில் போனவர்களுக்கு நினைவு என்று ஒன்றும் தங்கியதாக நான் கேள்விப்படவில்லை. மீட்டர் கேஜ் பாசஞ்சர். திருப்பாதிரிப்புலியூரை விட்டால் ஓ.டி. ஜங்ஷன், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். சீசன் பாஸ் வைத்திருந்த என் கூட்டாளிகள் இந்த வரிசையைத் தூக்கத்திலும் சொல்வார்கள். பாதித் தூக்கத்தில்தான் சொல்லவும் செய்தோம். கரி எஞ்சின். ஜன்னலோரம் இடம் பிடித்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் கல்லூரிக்கு வருவான். வெள்ளைச் சட்டை போடக்கூடாது என்று அம்மா சொல்வாள். வெள்ளைச் சட்டையைத்தான் போடுவோம்.

அந்த ரயிலில் யார் எங்கே உட்கார்வது என்று எழுதாத சட்டம் இருந்தது. கதவோரம் மீன்கூடைப் பெண்கள். திரும்பி வரும் வண்டியில் காலிக் கூடைக்குள் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை போடுவார்கள். ஆலப்பாக்கத்தில் ஏறுகிற ஆபீஸ்காரர்கள் நடுவில் துண்டை விரித்துச் சீட்டு. வாசல்படி எங்களுக்கு. வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் பேச்சு நின்றுவிடும், பாலத்தின் இரைச்சலில் பேசிப் பயனில்லை. வலது பக்கம் வயல், இடது பக்கம் கழிமுகம். கிள்ளையில் இறங்கினால் பிச்சாவரம் பக்கம். எம்.ஜி.ஆரின் “இதயக்கனி” 1975-ல் வெளியானபின் வெளியூர்க்காரர்கள் பிச்சாவரத்துக்கு வழி கேட்டு எங்களையே நச்சரித்தார்கள். தில்லை என்று பெயர் வாங்கிய ஊரில் தில்லை மரத்தைத் தேடினால் கிடைக்காது, பிச்சாவரத்துச் சதுப்பில்தான் பார்க்கணும் என்று பெரிய மேதை மாதிரிச் சொல்லி அனுப்புவோம்.

சிதம்பரம் ஸ்டேஷனில் ஊர் இரண்டாகப் பிரியும். கிழக்கே இறங்கினால் அண்ணாமலை நகர், மேற்கே போனால் கோயிலும் நாலு வீதியும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய பல்கலைக்கழகம். அதற்குள் வந்தால் மலேசியாவிலிருந்து வந்தவனும் யாழ்ப்பாணத்துக்காரனும் விருத்தாசலத்துக்காரனும் ஒரே மெஸ்ஸில் வரிசையில் நிற்பார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 1965 ஜனவரி 27-ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் இராசேந்திரனைப் பற்றி, எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். நாங்கள் சேர்ந்தபோது அந்தக் கோபம் ஆறியிருந்தது, பேர் ஆறவில்லை.

மேற்குப் பக்கத்தில் கோயில் நேரம். ஆறு கால பூசை. கடைசியில் அர்த்தஜாமம். அந்த மணி கேட்டால் சினிமா முதல் காட்சி விட்டு வருகிறவர்கள்கூட நடையைக் கொஞ்சம் எட்டிப் போடுவார்கள். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை என்று ஆண்டுக்கு இரண்டு தேர். மூலவரே தேரேறி வீதிக்கு வருகிற ஊர் இது. ஐந்து தேரும் நாலு வீதி சுற்றி வருகிற அன்றைக்கு அண்ணாமலை நகரில் வகுப்பு நடந்தாலும் நடக்காததற்குச் சமம். தேர் நிற்கிற இடத்தில் பருவதராஜ குல மீனவர்கள் சீர் கொண்டுவருவார்கள். எங்களைப் போன்ற பக்தி குறைந்த ஆட்களுக்குத் தேரைவிட முக்கியம், நண்பர்கள் வீட்டுத் திருவாதிரைக் களியும் அதோடு வைக்கிற கூட்டும். மற்ற நாட்களில் கொத்சு. கத்திரிக்காயை மசித்து, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்ட கொத்சு. அதைச் சட்னி என்றும் சாம்பார் என்றும் வெளியூர் ஓட்டல்களில் வைத்துப் படுத்துகிறார்கள். கேட்க ஆளில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். இதுவரை சொன்னதைக் கேட்டால், ஊரே ஒரே தாளத்தில் ஆடியது, எல்லோரும் சேர்ந்து ஆடினோம் என்று தோன்றும். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் என்னோடு படித்த ஒருவன், சுவாமி சகஜானந்தர் 1916-ல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தின் பள்ளியில் படித்துவிட்டு வந்தவன். ஒருநாள் நான் இந்த மணி, ரயில், ரேடியோ என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் ஊரில் விடிவதே, பண்ணை ஆள் வந்து அவன் அப்பாவைக் கூப்பிடுகிற நேரத்தில்தானாம். அந்த ஆள் வராத நாளில் அடுப்பு எரியாது. நேரம் சொல்ல அவர்களுக்கும் ஆள் இருந்தது. அந்த நேரம் அவர்களுடையதாக இல்லை. அவனுக்குச் சொந்தமான முதல் நேரம், விடுதியில் படிப்புக்கு அடித்த மணி என்றான். எனக்குச் சலிப்பூட்டிய மணி அது.

கடலூர் எழுத்துக்கு இரண்டு பெரிய பெயர்களைக் கொடுத்த மண் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934 ஏப்ரல் 24-ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். ஒரு நாள் வித்தியாசத்தில் பிறந்தநாள். இருவரும் சிறு வயதிலேயே ஊரை விட்டுப் போனவர்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்களைப் போல இங்கேயே உட்கார்ந்து பலாப்பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் எழுதியதை எழுதியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ஊரை நேசிப்பது வேறு, ஊரைப் பார்ப்பது வேறு என்று எண்ணுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் பிறகு சண்டை போடலாம்.

எங்கள் மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2006-ல் மூடினார்கள். 2010-ல் திறந்தார்கள். இடையில் ரயில் இல்லாத வருடங்களில் தண்டவாளத்தையொட்டிக் குடியிருந்தவர்கள் காலையில் தூங்கிப்போய்விட்டதாகப் புகார் சொன்னார்கள். அலாரம் வைக்கும் வழக்கமே அவர்களுக்கு இல்லை. இப்போது வண்டி வேகமாகப் போகிறது, கண்ணில் கரி விழுவதில்லை. பெட்டிக்குள் ஆளுக்கொரு இயர்போன், ஆளுக்கொரு பாட்டு. பக்கத்தில் இருப்பவன் என்ன கேட்கிறான் என்று தெரியாது. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. என் காதிலும் ஒன்று இருக்கிறது.

எனக்கு ஓர் அக்கா உண்டு. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். நான் இவ்வளவு நேரம் சொன்ன ரயிலில் அவள் தனியாக ஒரு தரம்கூடப் போனதில்லை. முந்திரித் தோப்பில் இறங்கியதில்லை. கோட்டைச் சுவரில் ஏறியதில்லை. ஆனால் எல்லாச் சத்தத்தையும் வீட்டுக்குள்ளிருந்து கேட்டிருக்கிறாள். இலங்கை வானொலியில் எந்த நாள் எந்த அறிவிப்பாளர் என்பது அவளுக்குத்தான் தெரியும். “பாட்டுக்குப் பாட்டு” விளையாடினால் எங்கள் தெருவில் அவளை ஜெயித்தவர்கள் இல்லை. வருடத்தில் அவள் மனம்போல வெளியே சுற்றிய நாள் தை 5 ஒன்றுதான். சுருளிக்கிழங்குக்கு ருசியில்லை என்று நான் முன்பு சொன்னேனே, அதை அவளிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டாள்.

இந்த அவையில் இடது பக்கம் என் அக்கா வயதில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது என்று அமைப்பாளர் வாட்சைத் தட்டிக் காட்டுகிறார். தம்பி, அந்த மைக்கை அப்படியே இடது பக்கம் கொண்டு போய்க் கொடுப்பா. நீங்கள் கேட்ட சத்தங்களைச் சொல்லுங்கள் அம்மா. நான் உட்கார்ந்து கேட்கிறேன்.